பாலைவனப் புலி

“இன்னும் ரெண்டு கை அள்ளி வீசுய்யா! பாலைவனம் மாதிரியே இல்ல. யாரோ வீடு கட்டற மாதிரி இருக்கு.”

“யாரோ வீடு கட்டக் கொட்டின மணல்தானே சார் இது” என்றபடி மெக்கானிக் இன்னொரு கை அள்ளி, சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிக்கு முன்னால் தூவினார்.

பாதி மணல் கேப்டனின் வாய்க்குள் போனது. கேப்டன் என்றதும் ராணுவம், கப்பல் என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். பேனா, காகிதம், குண்டூசி வாங்கும் பிரிவில் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிக் கூப்பிடச் சொல்லி அவரேதான் எல்லாரையும் கேட்டுக்கொண்டார்.

புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளில் பாலைவனத்தைக் குறுக்கே கடந்து, கடற்கரையோரமாகவே ஓட்டிப் போய், கலங்கரை விளக்கத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவதாகக் குடியிருப்போர் சங்கத்தில் அறிவித்துவிட்டுக் கிளம்பியவர். வாசலில் சங்கமே நின்று கைதட்டியது. வென்று வந்தால் ‘பாலைவனப் புலி’ என்று பட்டம், கூடவே சங்கத் தலைவர் நாற்காலி.

தெருமுனை வரை வீரமாகத்தான் போனார். திரும்பியதும் ஒரு வேகத்தடை. வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினால், தரையைக் காணோம். வாங்கும்போது வண்டியின் கம்பீரத்தைப் பார்த்தாரே தவிர உயரத்தைப் பார்க்கவில்லை. வண்டி ஒரு பக்கமும் வீரர் ஒரு பக்கமுமாகச் சாய்ந்தார்கள்.

தூக்கி நிறுத்தியவர் எதிரே பட்டறை வைத்திருந்த இந்த மெக்கானிக். அன்றிலிருந்து பட்டறை மாடி அறையிலும், பின்பக்க மணல் குவியலிலுமாக, சங்கத்துக்கு அனுப்பும் வீடியோக்களில் பயணம் ஜோராக நடக்கிறது.

“வண்டி பத்திரமா இருக்கில்ல?” கேப்டன் வாயிலிருந்த மணலைத் துப்பினார். “இந்த ஊர்ல ஒருத்தர் கண்ணுல பட்டாலும் என் மானம் கப்பலேறிடும்யா.”

“இந்த ஊர்ல யார் கண்ணுலயும் படாது சார். நான் கேரண்டி.”

போன் அடித்தது. மனைவி.

கேப்டன் கண்ணைக் காட்டினார். மெக்கானிக் ஒரு ஓட்டை வண்டியை உதைத்துக் கிளப்பி முறுக்கினார்.

“சொல்லும்மா! வெயில் கொளுத்துது! மணல் மூஞ்சில அறையுது!”

“இன்னும் பாலைவனத்துலயா இருக்கீங்க? இந்நேரம் கடலுக்கு வந்திருக்கணுமே?”

“வீட்ல உட்கார்ந்துக்கிட்டு எனக்கு வழி சொல்றியா? அது என்ன அங்க அவ்வளவு இரைச்சல்?”

“அக்கா வீட்டுக்கு வந்திருக்கேங்க. மொட்டை மாடி. காத்து பிச்சுக்கிட்டுப் போகுது.”

“சரி சரி. பாலைவனக் காத்தைப் பார்த்தா நீ பறந்தே போயிடுவ.”

“ஹெல்மெட் கண்ணாடிய இறக்கி விட்டுக்கோங்க. பேசிக்கிட்டே ஓட்டாதீங்க, வாய்க்குள்ள மணல் போகும்.”

“அதெல்லாம் அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்!” என்ற கேப்டன் மறுபடி துப்பினார்.

“கீழ்வீட்டுப் பல் டாக்டர், நீங்க விடறது எல்லாம் புளுகுன்னு சங்கத்துல சொல்லிட்டாராம். சாயங்காலத்துக்குள்ள கலங்கரை விளக்கத்துக்கிட்ட வண்டி நிக்கற போட்டோ வந்தாகணுமாம். இல்லேன்னா பட்டமும் கிடையாது, தலைவர் பதவியும் கிடையாது.”

“அந்த ஆளு பல்லை மட்டும்தான் பிடுங்குவார்னு நெனச்சேன்!”

“அது சரி, பாலைவனத்துல புலி ஏதுங்க?”

“பட்டம் குடுக்கறப்போ குறுக்குக் கேள்வி கேட்காத! வந்ததும் பட்டத்தோட நாம ரெண்டு பேரும் ஒரு போட்டோ எடுத்து மாட்டணும்.”

“நான் உட்காரணும், நீங்க நிக்கணும். அதானே?”

கேப்டன் போனை வைத்தார். கல்யாணப் போட்டோவிலிருந்தே அந்த வீட்டில் அப்படித்தான். அவரைவிட அரை அடி உயரமான மனைவிக்கு எந்தப் போட்டோவிலும் ஒரு நாற்காலி நிச்சயம்.

“கெட்டுதுய்யா குடி! கலங்கரை விளக்கத்துக்கு இப்போ எங்க போறது?”

“படம் போன்ல கிடைக்கும் சார். என் மச்சான் வெட்டி ஒட்டித் தருவான். நேத்து என்னையே விமானத்துல ஏத்தினான்.”

“அப்போ வண்டியக் கொண்டாய்யா! மணல்ல நிறுத்திப் பக்கத்துல நான் நிக்கறேன். இடுப்புக்கு மேல மட்டும் எடு.”

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். மின்விசிறியை நிறுத்தினார். ஓட்டை வண்டியையும் அணைத்தார்.

“வண்டி வந்து... நீங்கதானே சார் சொன்னீங்க, இந்த ஊர்ல யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு?”

“ஆமா, அதுக்கு?”

“அதான் சார். வண்டி இந்த ஊர்லயே இல்ல.”

“என்னய்யா உளர்றே?” என்று கேப்டன் பாய்வதற்குள் அவர் கையிலிருந்த போன் ‘டிங்’ என்றது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ. கைதட்டல்கள் அதற்குள் குவிய ஆரம்பித்திருந்தன. முதல் கைதட்டல் பல் டாக்டருடையது.

நீலக் கடல். வெள்ளைக் கலங்கரை விளக்கம். அதன் அடியில், சேறும் மணலும் அப்பிய அவருடைய அதே வண்டி. அதன்மேல் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் அழுத்தமாக ஊன்றியபடி அவருடைய மனைவி.

மறுபடி ‘டிங்’. அவருக்கு மட்டும் ஒரு குரல் பதிவு. பின்னணியில் அதே மொட்டை மாடிக் காற்று.

“நீங்க விழுந்த அன்னிக்கே பட்டறைக்கு வந்து சாவிய வாங்கிட்டேங்க. நீங்க படம் ஓட்டுங்க, வண்டிய நான் ஓட்டிக்கறேன்!”