மூன்று பெட்டிகளும் ஒரே உயரத்தில்

ஒரு நூலகத்தின் வலைப்பக்கத்தை அட்டவணை ஒன்று பத்து வருடமாகத் தாங்கிவந்தது. கட்டத்துக்குள் கட்டம் போட்டு, காலி மூலைகளில் கண்ணுக்குத் தெரியாத படங்களால் முட்டுக்கொடுத்து, எதையும் சரியவிடாமல் பார்த்துக்கொண்டது.

ஒருநாள், பக்கத்தின் தோற்றத்துக்கு விதி எழுதும் ஸ்டைல்ஷீட் வந்து இறங்கியது.

"அண்ணே, நீங்க எண்களை அடுக்கப் பிறந்தவர். சுவர் வைக்கிற வேலை உங்களுக்கு எதுக்கு? சாயங்காலம் உங்களை அழிக்கப் போறாங்க."

அட்டவணை தன் முட்டுகளை இறுகப் பிடித்துக்கொண்டது. "நான் போனா பக்கம் சரிஞ்சிடுமே தம்பி?"

"அதெல்லாம் அந்தக் காலம்ணே!"

ஸ்டைல்ஷீட் அட்டவணைக்குள் இருந்த மூன்று பெட்டிகளை வெளியே எடுத்து அருகருகே நிறுத்தியது. ஒன்று கீழே இறங்கிவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தினால் நடுப்பெட்டி மட்டும் நெட்டையாக வளர்ந்தது. மதியத்துக்குள் ஸ்டைல்ஷீட்டுக்கு வியர்த்துக்கொட்டியது. பெட்டிகள் பார்க்காத நேரமாக அட்டவணையிடம் வந்தது.

"அண்ணே, மூணு பேரையும் ஒரே உயரத்துல எப்படித்தான் நிக்கவெச்சீங்க?"

அட்டவணைக்குப் பெருமை தாங்கவில்லை. இனி தன்னை விடமாட்டார்கள் என்று நம்பி, ஒன்றையும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தது. ஸ்டைல்ஷீட் ஒரே வரி எழுதிக்கொண்டது: 'எல்லோரும் அட்டவணை மாதிரி நில்லுங்கள்.'

நின்றார்கள். கச்சிதமாக நின்றார்கள்.

சாயங்காலம் வரிவரியாக அழிந்துகொண்டிருந்த அட்டவணையின் காதில் நடுப்பெட்டியின் குரல் விழுந்தது.

"அப்பாடா! அந்த அட்டவணை இல்லாம எவ்வளவு லட்சணமா நிக்கிறோம் பாரு!"