பின்னேரத்து நாலு வாளி

யுத்தம் முடிந்து அடுத்த பங்குனி. வாவிக்கரை மண் வெயிலில் வெடித்துக் கிடக்கிறது. தங்கநேசத்தின் வளவில் மல்லிகைப் பாத்தி மட்டும் கறுத்து, பாசி பிடித்து, ஈரத்தில் மினுங்குகிறது. ஏறாவூரிலிருந்து சைக்கிளில் பூங்கன்று விற்க வந்த ஆதம்லெவ்வைக் காக்கா செடியடியில் குந்தியிருக்கிறார். ஆளுயரச் செடி. கிளையெல்லாம் கொழுத்த இலை, ஒரு மொட்டுக்கூட இல்லை. அவர் மண்ணில் விரலை அழுத்துகிறார். குழியில் நீர் ஊறி நிற்கிறது. "ஒரு நாளைக்கி எத்தின வாளி ஊத்துற புள்ள?" "காலையில நாலு, பின்னேரம் நாலு காக்கா." அவர் சிரிக்கிறார். "அதான் எல்லாம் இலையாப் போகுது. கிளையக் கழிச்சிட்டு இருவது நாள் தண்ணி காட்டாத. தாகத்தில தவிச்சாத்தான் மல்லிகை பூக்கும்." தங்கநேசம் கிணற்றுக் கயிற்றைக் கையில் சுற்றியபடி செடியையே பார்க்கிறாள். "இது மகள் வச்சது காக்கா. போன வருசம் வன்னியில செல்லடியில காயப்பட்டுக் கிடந்தவள். பக்கத்தில கிடந்த பிள்ளை முகாமிலயிருந்து வந்து சொன்னாள், ரெண்டு நாளும் தண்ணிதான் கேட்டவளாம். ஒருத்தராலயும் குடுக்க ஏலாமப் போச்சாம்." கிளை வெட்ட எடுத்த கத்தரிக்கோலை ஆதம்லெவ்வை சத்தமில்லாமல் மடக்குகிறார். வாவிப் பக்கம் வெயில் சாய்கிறது. கப்பி கிறீச்சிட, முதல் வாளி மேலே வருகிறது. அவர் எழுந்து போய் அதை அவள் கையிலிருந்து வாங்குகிறார். வேரடியில் மெல்ல மெல்ல ஊற்றிவிட்டு வெறும் வாளியை நீட்டுகிறார். "இன்னும் மூணு இரிக்கி, என்ன புள்ள."