பதினெட்டு நிமிஷம்

"எரியுதா அத்தை?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"ஒரு தடவை சொன்னா காதுல ஏறாதா? உன் வேலையைப் பாரு."

மருமகள் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் தோய்த்து, மாமியாரின் பின்னந்தலையில் அடுத்த கற்றைக்குப் பூசினாள். அழகுக்கலைப் பயிற்சி நிலையத்தின் செய்முறைத் தேர்வு. ஏழு நாற்காலிகள், ஏழு மாணவிகள், ஏழு சுருட்டைத் தலைகள். முடியை நேராக்கும் ரிலாக்ஸர் க்ரீமைப் பூச ஆரம்பித்ததிலிருந்து பதினெட்டு நிமிஷம் ஊறவிட்டு, கழுவிக் காட்ட வேண்டும். தலையை மாணவியே கொண்டுவர வேண்டும் என்பது விதி. மருமகளுக்குத் தெரிந்த ஒரே சுருட்டைத் தலை மாமியாருடையது.

இது மூன்றாவது முயற்சி. முதல் தடவை கிண்ணம் கைநழுவித் தேர்வாளரின் செருப்பில் கவிழ்ந்தது. இரண்டாவது தடவை, வருகிறேன் என்ற தலை வரவில்லை. இந்தத் தடவை பாஸானால் திங்கட்கிழமை முதல் பெரிய சலூன் ஒன்றில் வேலை. ஃபெயிலானால் அந்த வேலை வேறு ஒருத்திக்கு.

தேர்வாளர் மேடம் ஆரம்பத்திலேயே அடித்துச் சொல்லிவிட்டார். "பாதியில கழுவினா முடி நேராகாது. நேராகாத முடிக்கு மார்க் கிடையாது."

மருமகள் எல்லாவற்றையும் பாடப்படி செய்திருந்தாள். நெற்றியோரம், காதுமடல், பிடரி எல்லா இடத்திலும் வாஸலின். கைக்கு உறை. நேற்று முழுக்க, "தலையைச் சொறியாதீங்க அத்தை, கீறல் இருந்தா க்ரீம் பட்டுப் புண்ணாயிடும்" என்று மாமியாரின் விரல்களைக் காவல் காத்தாள். "என் தலை, என் நகம், உனக்கென்னடீ?" என்று மாமியார் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதுதான் ஒரே இடறல்.

கடிகாரம் ஒன்பதாவது நிமிஷத்தைத் தாண்டியது.

"அத்தை, எரியுதா?"

"இல்லடீம்மா. ஜிலுஜிலுன்னு இருக்கு."

மருமகளின் கை அப்படியே நின்றது.

ஜிலுஜிலுவா? இந்த வாயா? காபி சுட்டால் ஒரு குறை, ஆறினால் ஒரு குறை. மின்விசிறி வேகமாகச் சுற்றினால் தலைவலி, மெதுவாகச் சுற்றினால் புழுக்கம். மகனின் கல்யாண போட்டோவில் வெளிச்சம் பத்தவில்லை என்று ஆறு வருஷமாகச் சொல்லிவரும் வாய், ஒன்பது நிமிஷமாக இந்த க்ரீமை மட்டும் குறை சொல்லவில்லை. எங்கோ பெரிய தப்பு நடக்கிறது.

கையுறையோடு சுற்றி வந்து மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் கோடாகக் கண்ணீர். நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. செருப்புக்குள் கால்விரல்கள் சுருண்டிருந்தன.

"அத்தை! அழறீங்க!"

"தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"தூசி என்ன, கேட்டுக்கிட்டா விழும்? பூசுடீ!"

பக்கத்து நாற்காலியிலும் கண்ணீர்தான். அங்கிருந்த மாணவி தன் அக்காவின் கன்னத்தை டிஷ்யூவால் பக்குவமாக ஒற்றி எடுத்துவிட்டு, "சூப்பர்க்கா, நல்லா வேலை செய்யுது" என்று இன்னொரு கரண்டி க்ரீமை அப்பினாள்.

"அத்தை, விளையாடாதீங்க. இது ஷாம்பு இல்ல. தோலைப் பொசுக்கிடும். அப்புறம் முடி கொத்துக்கொத்தா கையோட வரும்."

"வந்தா என் முடிதானே வருது? இன்னும் ஏழு நிமிஷம். ரெண்டு தடவை கோட்டை விட்டவ நீ. இதையும் விட்டுட்டு வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுப்ப. அதை யாரு பார்த்துக்கிட்டு இருக்கிறது?"

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ணீரைப் பார்த்தாள். திங்கட்கிழமையை ஒரு விநாடி நினைத்தாள்.

"எந்திரிங்க."

"எதுக்கு?"

"எந்திரிங்கன்னா எந்திரிங்க அத்தை!"

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் மாமியாரை அதட்டியது இதுதான் முதல் தடவை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். தலையைத் தொட்டிக்குள் சாய்த்துக் குழாயை முழுக்கத் திறந்தாள்.

"ஐயோ, கழுவாதே! பைத்தியமா உனக்கு? போச்சு, எல்லாம் போச்சு!"

"போகட்டும் அத்தை! கண்ணை மூடிக்குங்க!"

பன்னிரண்டாவது நிமிஷம். கூடமே திரும்பிப் பார்த்தது. மற்ற ஆறு மாணவிகளும் அனுதாபத்தோடு சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். தண்ணீரில் அலைந்த முடியில் ஒரு சுருள்கூட நிமிரவில்லை.

மணி அடித்ததும் தேர்வாளர் நேராக இவளிடம்தான் வந்தார்.

"நீங்க மட்டும்தான் பாதியில கழுவியிருக்கீங்க."

"ஆமா மேடம். மார்க் கிடக்கட்டும். அத்தை தலையை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. ரொம்பப் பொசுங்கியிருக்கா?"

தேர்வாளர் முடியை வகிர்ந்து பார்த்தார். சிவப்பின் சுவடே இல்லை.

"எப்படிப் பொசுங்கும்? ஏழு கிண்ணத்துலயும் இருந்தது வெறும் கண்டிஷனர். வாசனைக்கு மட்டும் ரெண்டு சொட்டு ஏதோ கலந்தோம். நிஜ க்ரீமை உங்க கையில தரலாமான்னு பார்க்கிறதுதான் இன்னைக்குத் தேர்வு. பாஸ் நீங்க ஒருத்திதான்."

மருமகள் துள்ளிக் குதித்தாள். இரண்டாவது துள்ளலுக்கு எழும்பியவள் பாதியில் நின்றாள்.

"அப்ப... அத்தை அழுதது?"

மாமியார் துண்டால் தலையைத் துவட்டியபடி தேர்வாளரிடம் திரும்பினார். "காலையில நீங்க எங்க ஏழு பேருக்கும் சொல்லிக்கொடுத்த மாதிரியே, பத்தாவது நிமிஷம் சரியா கண்ணுல தண்ணி வரவச்சுட்டேன் மேடம், இவ கழுவுறதுக்குப் பன்னெண்டு ஆயிடுச்சு, ரெண்டு மார்க் குறைச்சுக்குங்க."