சிங்கவாய்த் தண்ணீர்

ஸ்பெயினின் தெற்கே ஒரு மலையூரில், சுண்ணாம்பு பூசிய பழைய வெள்ளை வீடுகளின்மேல் கண்கூசும் மதிய வெயில். சதுக்கத்துக் கல்தொட்டியில் இரண்டு சிங்கவாய்களிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. தென்காசிப் பக்கம் இலத்தூரிலிருந்து மகளைப் பார்க்க வந்திருக்கும் பேச்சிராஜ், அவள் காட்டும் கோட்டையைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறார். “அப்பா, இது குத்தாலம் இல்லப்பா. எல்லாரும் பாக்காங்க,” என்று ஜெயபிரியா கையைப் பிடிக்கிறாள். “ஏட்டி, தண்ணி விழுதுல்லா. தலையக் காட்டாம எப்படிப் போக?” அதற்குள் தலை சிங்கத்தின் வாய்க்குக் கீழே போய்விடுகிறது. வழுக்கையில் பட்டுச் சிதறும் நீரின் வெளிச்சம் எதிர்ச்சுவரில் நடுங்குகிறது. காப்பிக்கடை மேசைகளில் பேச்சு நின்றுபோகிறது. ஜெயபிரியாவுக்கு முகம் சிவக்கிறது. காலையிலிருந்து மூட்டுவலியில் முனகியபடியே மேடேறி வந்த அம்மா சங்கரேஸ்வரியாவது ஓர் அதட்டல் போடுவாள் என்று திரும்புகிறாள். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறாள். மூக்குக் கண்ணாடியை மகள் கையில் கொடுக்கிறாள். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு சிங்கங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்: “ஏட்டி, இதுல பொம்பளைக பக்கம் எது?”