ஜெராக்ஸ் பயிற்சி

பயிற்சி மாணவி அனுமதி கேட்காமலே மேனேஜர் அறைக்குள் நுழைந்து, ஜெராக்ஸ் கட்டை மேஜைமேல் தொப்பென்று போட்டாள்.

"நாலு வாரமா இதைத்தான் எடுக்கிறேன் சார். இதுக்கா ஜெர்மனும் மேனேஜ்மென்ட்டும் படிக்கிறேன்?"

"கத்தாதம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்! என்கூடப் படிக்கிறவனுக்கு மட்டும் ஜெர்மன் கம்பெனிக்குக் கடிதம் எழுதுற வேலை. அந்த முதலாளியைப் போய் ‘நீ’ன்னு எழுதி வெச்சிருக்கான். நான் திருத்தக்கூடாதாம், சார் உத்தரவாம்!"

"உனக்கு எதுக்கும்மா அந்தத் தலைவலி? நிழல்ல நிம்மதியா உட்காரு. சர்டிபிகேட்ல நல்லா எழுதித் தர்றேன்."

அவளுக்குச் சுருக்கென்றது.

"செய்யாத வேலைக்குச் சர்டிபிகேட்டா? இன்னைக்கே யூனிவர்சிட்டிக்குப் புகார் எழுதுறேன்."

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது.

"உன்கிட்ட வேலை வாங்க மனசு வரலைம்மா. ஐம்பத்திரண்டு வயசுல உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

"உங்கப்பாவும் இதையேதான்டா சொன்னார்! ‘உனக்கு எதுக்குக் கஷ்டம்’னு சொல்லியே கல்யாணமான மறுமாசம் என் காலேஜை நிறுத்தினார். முப்பது வருஷம் கழிச்சுத் திரும்பச் சேர்ந்தா, நான் பெத்த பிள்ளை நீயும் அதையே சொல்றியே!"

மகனால் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. ஒரு ஃபைலை எடுத்து நீட்டினான்.

"மத்தியானம் மூணு மணிக்கு ஜெர்மனியிலிருந்து போன் வரும். நீங்களே பேசுங்க, மேடம்."

கோபம் ஆறாமலேயே அதைப் பறித்துக்கொண்டவள், நின்றபடியே முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினாள்.