புயலின் கண்

ஆம்புலன்ஸ் ஓட்டும் கணவன் வாங்கி வந்த பையை மேசையில் கவிழ்த்தான். இருட்டுவதற்குள் புயல் வந்துவிடும். அவனுக்கோ விடியும்வரை வண்டியில் வேலை.

“டார்ச், பேட்டரி, ரொட்டி, பால் பவுடர். தண்ணி?”

“எல்லாப் பாத்திரத்துலயும் பிடிச்சு வெச்சாச்சுங்க,” என்றாள் மனைவி.

“பாதியில காத்து சட்டுனு நிக்கும். போயிடுச்சுன்னு கதவைத் திறந்துடாதே. புயல் சுத்திக்கிட்டே வர்றதால நடுவுல மட்டும் அமைதியா இருக்கும். அதுதான் புயலோட கண்ணு. அது தாண்டினதும் எதிர்ப்பக்கத்துலேருந்து அடிக்கும்.”

“புயலுக்குக்கூட கண்ணு இருக்கா?” என்றாள் மெல்ல. “கயிறு கேட்டேனே?”

“இந்தா. எதுக்கு, வீட்டைக் கட்டி வைக்கவா?”

அவள் சிரிக்கவில்லை. மகளை அழைத்து, கயிற்றின் ஒரு முனையைக் குழந்தையின் இடுப்பிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டாள்.

“டார்ச்தான் இருக்கே. பாப்பா எங்க போயிடப் போறா?”

“டார்ச் அவளுக்குத்தாங்க. பார்வையில்லாத எனக்கு கரண்ட் போனா என்ன, வந்தா என்ன? காலடிச் சத்தத்தை வெச்சுத்தான் இவ எங்க இருக்கான்னு கண்டுபிடிக்கிறேன். காத்து ஊளையிட்டா அது கேக்காது. எனக்கு அப்பத்தாங்க இருட்டு.”