மாமியார் கொடுத்த விதை

"காடு மேடெல்லாம் அலைஞ்சு கொண்டுவந்த விதை, மாப்பிள்ளை! முதல் வருஷம் வெறும் இலைதான். அடுத்த வருஷம் பூக்கும், தேனீ மொய்க்கும்" என்று கொடுத்துவிட்டுப் போனார் மாமியார்.

இலை வந்தது. மாப்பிள்ளை கண்ணும் கருத்துமாகக் காத்தார். காத்தவரே ஒரு நாள் களை பிடுங்கும் வேகத்தில் அதையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்! மனைவி குளித்துவிட்டு வருவதற்குள், பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் சாக்கடையோரம் அதே மாதிரி இலையோடு நின்ற செடி ஒன்றைப் பெயர்த்துவந்து நட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் ஊதாப் பூ, சுற்றிலும் தேனீ. பார்க்க வந்த மாமியாருக்கு வாயெல்லாம் பல்.

"என் விதை சோடை போகுமா?"

மாப்பிள்ளைக்கு மனசு உறுத்தியது. சமையலறையில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா குடுத்த விதை முளைக்கவே இல்லைங்க! நீங்க பிடுங்கினதே, நான் அந்தச் சாக்கடையோரத்துலேர்ந்து கொண்டுவந்து வச்சதுதான். அம்மா காதுல மட்டும் விழுந்துடப் போகுது!"

"விழுந்தாச்சு" என்றார், கதவோரம் நின்ற மாமியார்.

இருவரும் விறைத்துப்போனார்கள். மாமியார் தலையைச் சொறிந்தார்.

"வெறுங்கையோட வரக்கூடாதேன்னு, அன்னைக்கு பஸ்ஸை விட்டு இறங்கினதும் நானும் அங்கேதான் உதிர்த்து எடுத்துட்டு வந்தேன்."